நாலு நட்சத்திரமா, ரெண்டா?

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

நீ அனுப்பிய நாற்பது படமும் வந்து சேர்ந்தது. சின்சினாட்டியிலிருந்து டேட்டன் விமானப்படை அருங்காட்சியகம் வரைக்கும் ஒரு மணி நேரம் காரில் போய், ரெண்டு பிள்ளைகளையும் சமாளித்துக்கொண்டு, நான் செய்யும் பிளாஸ்டிக் மாடலுக்குக் கேட்டேன் என்பதற்காக ஒரு பழைய ஃபேன்டம் போர் விமானத்தின் வாலையும் வயிற்றையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்திருக்கிறாய். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாசல் வரை தானே நடந்து போய்ப் பூ வாங்குகிறார். நீ எப்போது வருகிறாய் என்று போன வாரமும் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு பச்சை, ஒரு பழுப்பு, இதில் ஆறு மாசமா என்னடா தேடுகிறாய்" என்று கேட்டிருந்தாய் அல்லவா. நிறத்தின் பெயரைத் தேடவே வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வியட்நாம் போரில் தென்கிழக்கு ஆசியாவில் பறந்த அமெரிக்க விமானப்படை விமானங்களுக்கு, அமெரிக்க அரசின் நிற எண்படி, மேலே பழுப்பு 30219, நடுத்தரப் பச்சை 34102, அடர்பச்சை 34079, அடியில் வெளிர்சாம்பல் 36622. முதல் எண் 3 என்றால் பளபளப்பில்லாத பெயிண்ட். இரண்டாம் எண் நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 4 பச்சை, 6 சாம்பல். மேல்பக்கத்து மூன்றுக்கும் ஹம்ப்ரால் கம்பெனி பெயிண்ட் டப்பா 118, 117, 116 வாங்கினால் போதும். பெயிண்ட் கடையோடு வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

என்னை மாட்டிவிட்டது மாடல் கிட்டோடு வந்த டிகால் தாள், அதாவது விமானத்தின்மேல் ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள். நீ படமெடுத்த அதே விமானம், F-4C, எண் 64-0829, அமெரிக்கப் போர் விமானி ராபின் ஓல்ட்ஸின் 'ஸ்கேட் 27'. தாளில் அதற்கு நாலு சிவப்பு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள், வீழ்த்திய எதிரி விமானம் ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம். ஓல்ட்ஸ் வியட்நாமில் எதிரியின் நாலு மிக் போர் விமானங்களை வீழ்த்தினார் என்பது உண்மை. ஆனால் நாலையும் இந்த விமானத்தில் இருந்தபடி வீழ்த்தவில்லை. 1967 ஜனவரி 2, மிக்குகளை வலையில் சிக்கவைத்த ஆபரேஷன் போலோ, அன்று அவர் ஓட்டியது 63-7680. மே 4 அன்று வேறொன்று, 63-7668. மே 20 அன்றுதான் இந்த 0829. பின் இருக்கையில் ஸ்டீஃபன் குரோக்கர், ஒரே நாளில் ரெண்டு மிக்-17. அப்படியென்றால் இந்த விமானத்துக்கு நியாயமாக உரியது ரெண்டு நட்சத்திரம். அந்த ரெண்டு தேவையில்லாத நட்சத்திரத்தையும் பிளேடால் வெட்டி எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த மற்ற ரெண்டு விமானங்களையும் யாரோ ராத்திரி முழுக்கத் துடைத்து, எரிபொருள் ஊற்றி, ஏவுகணை ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் கணக்கில் இருப்பதை எடுத்து இதன்மேல் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு நாள் முக்கியமாகிப் போனது. எந்த விமானம் என்பதோடு எந்த நாள் என்றும் முடிவு செய்யாமல் டப்பாவையே திறக்கக் கூடாது. ஆரம்பத்தில் விமானப்படைக்கு வந்த F-4C எல்லாம் கடற்படை நிறத்தில்தான் வந்தன, மேலே பளபளப்பான சாம்பல், அடியில் வெள்ளை. போர் மும்முரமானதும்தான் பச்சையும் பழுப்பும் ஏறின. அப்போதும் சக்கரக் குழிக்குள் வெள்ளை அப்படியே இருந்தது. உன் பன்னிரண்டாவது படத்தில் மூக்குச் சக்கரத்துக்கு மேலே அந்த வெள்ளை தெரிகிறது, அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வாலில் இருக்கும் FG என்ற எழுத்து 433ஆம் ஸ்குவாட்ரனுக்கு உரியது. ஓல்ட்ஸ் தாய்லாந்தின் உபோன் தளத்தில் பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய எட்டாவது விங் முழுவதற்கும் தளபதியாக இருந்தவர், அதனால் அவர் எந்த ஸ்குவாட்ரன் விமானத்திலும் ஏறுவார். தன் விமானத்துக்கு வைக்கும் ஸ்கேட் என்ற பெயரை மட்டும் இரண்டாம் உலகப்போரில் P-38 ஓட்டிய காலத்திலிருந்தே விடவில்லை.

இனி உன் படங்களைப் பற்றி. கோபப்படாதே, நிறம் பார்க்க அவை உதவாது. அந்தக் கூடம் அரை இருட்டு, மேலேயிருந்து விளக்கு, அதனால் பழுப்பு முழுக்க வறுத்த ரவை மாதிரி மஞ்சளடித்திருக்கிறது. அதோடு அங்கே நிற்பது 1967 எப்படியோ அப்படித் தோன்றும்படி பிற்பாடு பூசிய பெயிண்ட். போர்க்காலத்து ஸ்லைடுகளும் ஏமாற்றும். கோடாக்ரோம் என்ற ஃபிலிமை இருட்டில் வைத்திருந்தால் நிறம் அவ்வளவாக மாறாது. அந்தக் காலத்து எக்டாக்ரோம் ஃபிலிம் வருஷம் போகப் போகச் சிவந்துவிடும், பழுப்பைப் பார்த்தால் செங்கல் தூள் போல இருக்கும். அதனால் இப்போது நான் நிறத்தை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. படத்தில் விமானப்படைச் சின்னத்தின் வெள்ளை நட்சத்திரத்தை முதலில் பார்க்கிறேன், அந்த வெள்ளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த அளவு பச்சையிலும் பழுப்பிலும் கழித்துக்கொள்கிறேன்.

அப்புறம் பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் 30219ஐ அடித்தேன்: ஒன்றில் அப்படியே, ஒன்றில் நூற்றுக்கு ஐந்து வெள்ளை, ஒன்றில் பத்து. 1/48 மாடலை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை 48 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். மாலை நாலு மணி வெயிலில் ஜன்னல் திண்ணையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பழுப்புக்குப் பத்து சரியாக வந்தது. அடர்பச்சைக்கு ஐந்துக்கு மேல் போனால் கீரை மசியல் மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் ஐந்தோடு நிறுத்திவிட்டேன்.

உன் படங்களில் நான் அதிகம் பார்ப்பது வால் பக்கத்து முப்பத்தொன்றாவது படத்தைத்தான். என்ஜின் புகைவாய்க்குப் பின்னால் பெயிண்ட் இல்லாத வெறும் உலோகம், சூட்டுக்குப் பயந்து பூசாமல் விட்டது. தகட்டுக்குத் தகடு நிறம் வேறு. ஒன்று தேய்த்த எவர்சில்வர், பக்கத்தில் இருப்பது அடிப்பிடித்த பால் பாத்திரம். இதை ஒரே வெள்ளிப் பெயிண்டால் அடித்துவிட முடியாது. நாலு விதம் கலந்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் ஏர்பிரஷ் எடுப்பேன்.

இன்னொரு தடவை அந்தப் பக்கம் போவாயானால் ஒரு உதவி. ஒரு வெள்ளைத் தாளைக் கையில் பிடித்து, அது ஓரத்தில் விழும்படி மூக்கையும் காற்று நுழையும் இடத்தையும் ஒவ்வொரு படம் எடு. ஃபிளாஷ் வேண்டாம். பெரியவனிடம் தாளைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான், அவனுக்கு இப்போது நல்ல உயரம் இருக்குமே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்