இரவு பத்து மணி மாத்திரை

ஆசிரியருக்கு, வணக்கம்.

முற்றிய புற்றுநோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது பற்றிய உங்கள் கட்டுரை, செவிலியர் வந்து பார்ப்பதோடு முடிந்துவிட்டது. அவர் போன பிறகு நடப்பதைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு செவிலியர் (குணமாகாத நோயின் வலியையும் வேதனையையும் தணிப்பவர்) வீடு தேடி வருகிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியங்கள் 388, கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர் என்றால் அவர் தலையில் முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். ஆக, மருந்து கொடுப்பதும் புண் கட்டுவதும் மகள் கையிலோ மருமகள் கையிலோதான்.

அவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது மார்ஃபின், அதாவது கடும் வலியை அடக்கும் அபின் வகை மருந்து. சாதா மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். நடுச்சாமத்தில் எழுப்பாமலிருக்க, பத்து மணி வேளைக்கு மருத்துவர் இரட்டை அளவு எழுதுவது வழக்கம். ‘வலித்தால் கொடுங்கள்’ என்று மட்டும் சீட்டில் எழுதினால் அந்த வீட்டில் யாரும் தூங்க முடியாது. வலி உச்சிக்கு ஏறிய பின் கொடுக்கும் மருந்து அதை அடக்கத் திணறும். இடையில் வலி எழுந்தால், ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்காக அடுத்த வேளையைத் தள்ளக்கூடாது. கூடுதல் மாத்திரை தினமும் மூன்று, நான்கு முறை தேவைப்பட்டால் அடிப்படை அளவே போதவில்லை என்று பொருள். இதையெல்லாம் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதி வைத்தால்தான் மருத்துவரால் அளவைத் திருத்த முடியும். மெதுவாகக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரையை மூக்குக்குழாயில் விடுவதற்காகப் பொடிப்பது ஆபத்து. அரை நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

மார்ஃபினைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் மலச்சிக்கலால்தான் நிறுத்துகிறார்கள். குமட்டல் சில நாட்களில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்ந்து போக வேண்டும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசியும். வீட்டார் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் குறைந்து, அரைமயக்கமும் கைகால் துள்ளலும் சேர்ந்தால் மருந்து உடம்பில் தேங்குகிறது. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புற்று வெடித்த புண்ணின் நாற்றம்தான் உறவினரை வாசலோடு நிறுத்துகிறது. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவினால் சில நாட்களில் வாடை குறையும். ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுக்காமல் அதே உப்பு நீரில் ஊறவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் கொட்டும். சிறுநீர் வடிய வைக்கும் குழாய் நழுவாமல் பிடிக்கும் பலூனில் சலைன் (உப்பு நீர்) அடைப்பதும் தவறு. உப்பு படிந்து, கழற்றும்போது பலூன் சுருங்காது. அதற்குக் கிருமி நீக்கிய டிஸ்டில்டு வாட்டர்தான்.

கடைசி நாட்களில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றுங்கள்’ என்ற கெஞ்சல் வரும். தண்ணிகூடக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம் அதில் பாதி. உடல் ஏற்காத நீர் காலில் வீங்கும், நெஞ்சில் தேங்கி மூச்சின் கரகரப்பைக் கூட்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டிருந்தால் போதும். இதைச் செவிலியர் உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னால் ஊர் வாயும் கொஞ்சம் அடங்கும்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒப்புதல் போதும். பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஒழுங்கான பதிவேடும் பூட்டிய அலமாரியும் இருந்தால் வட்டார ஆரம்ப சுகாதார நிலையமே இதைச் செய்யலாம். மாத்திரைக்காக மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் வேலை மிச்சமாகும். நோயாளி இறந்த பிறகு மீந்த மாத்திரைகளைச் செவிலியரே எண்ணி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
நோய் ஆதரவு செவிலியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.