கிடைத்த பொருளும் கிடைத்த இடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட என்னைப் போன்றவர்கள், பொருளைவிட அது கிடந்த இடத்தையே முதலில் மதிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2010-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உலோகம் கண்டறியும் கருவியுடன் தேடிய ஒருவர், மண்ணுக்குள் பானை ஒன்று இருப்பதைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களுக்குத் தகவல் அனுப்பினார். அதிலிருந்த 52,000-க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்களை அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால்தான், காலத்தால் பிந்திய காசுகளில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தது தெரியவந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாக இருந்தால் அவை மேலே அல்லவா இருந்திருக்கும்? பானையை அப்படியே கவிழ்த்திருந்தால் காசுகள் மிஞ்சியிருக்கும், அவை சிறுகச் சிறுகச் சேர்த்தவை அல்ல என்ற இந்தச் செய்தி மிஞ்சியிருக்காது.

இதற்கு நேர்மாறாக, 1999-இல் ஜெர்மனியின் நெப்ரா அருகே அனுமதியின்றித் தோண்டியவர்கள், நிலாவும் விண்மீன்களும் பதித்த வட்டத் தகடான வெண்கலக் காலத்து வான்தட்டைச் சேதப்படுத்தி, கள்ளத்தனமாக விற்றுவிட்டனர். 2002-இல்தான் அது மீட்கப்பட்டது.

செப்புக் காசின் பச்சைப் படலத்தை அமிலமிட்டுத் தேய்ப்பதும் பெருங்கேடே. எழுத்தின் நுண்கோடுகள் பல வேளைகளில் அப்படலத்தில்தான் நிலைத்திருக்கின்றன.

எனவே, நில உரிமையாளரின் ஒப்புதலும் சட்டப்படியான அனுமதியும் இன்றி எவரும் மண்ணைத் தொடக் கூடாது. தற்செயலாக ஏதேனும் தென்பட்டால், அசைக்காமல் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். புதையல் செய்திகளை வெளியிடும்போது இவ்விவரங்களையும் தாங்கள் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்