கயிறும் கம்பியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளியான வட்ட இயக்கம் பற்றிய கட்டுரையையும் அதனுடன் அச்சிட்டிருந்த படத்தையும் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றும்போது, மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால்தான் தண்ணீர் கொட்டுவதில்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு எந்திரங்களின் இயக்கத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், இந்த விளக்கம் எங்கே வழுவுகிறது என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு விசைகள் சமமாகி ஒன்றையொன்று அழித்துவிட்டால், வாளி வட்டத்தில் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை, நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கும். கவண் வீசியவர்களுக்கு இது தெரியும். வாரின் ஒரு முனையை விட்டதும் கல் மையத்தை விட்டு நேர் வெளியே பாய்வதில்லை. அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டில்தான் பறக்கிறது. சுற்றும் பொருளோடு சேர்ந்து தாமும் சுற்றுகிறவரின் பார்வையில் மையவிலக்கு விசை என்பது கணக்குக்கு உதவும் ஓர் ஏற்பாடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தரையில் நின்று பார்ப்பவருக்காக வரைந்த படத்தில் அதையும் சேர்ப்பது, ஒரே செலவைக் கணக்குப் புத்தகத்தில் இரண்டு முறை எழுதுவதற்கு ஒப்பாகும்.

வாளி உச்சியில் இருக்கும்போது தண்ணீரின் எடையும் கீழ்நோக்கியே இருக்கிறது, வாளியின் அடிப்பகுதி தண்ணீரைத் தள்ளும் விசையும் கீழ்நோக்கியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீரை மையத்தை நோக்கி வளைக்கின்றன. தண்ணீர் கீழே விழத்தான் செய்கிறது. ஆனால் வட்டப்பாதை கேட்கும் அளவுக்கு மேல் விழுவதில்லை. ஆரம் 1 மீட்டர் என்றால் உச்சியில் வேகம் வினாடிக்கு 3.13 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சீராகச் சுற்றுவதாகக் கொண்டால் இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்பதே எல்லை. அதற்கு மேல் மெதுவானால் சட்டை நனையும்.

கட்டுரை தொடாமல் விட்டதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஒரு பொருளை வட்டத்தில் கட்டிவைத்திருப்பது எது? கயிறா, கம்பியா, தண்டவாளமா, பேரிங்கா? இயக்கவியலில் இவற்றைக் கட்டுப்பாடு என்கிறோம். இந்தக் கட்டுப்பாடு தரும் விசைக்கு முன்கூட்டியே ஓர் அளவு கிடையாது; பொருளைப் பாதையில் நிறுத்த எவ்வளவு தேவையோ அவ்வளவை அது தரும், தன்னால் தர முடிந்த வகையில் மட்டும். கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது. வளையாத இரும்புக் கம்பியால் இரண்டும் முடியும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு, ஒரே சூத்திரத்தை எல்லா வட்டங்களுக்கும் போட்டுப் பார்க்கும் மாணவர்களை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

1 மீட்டர் நீளக் கயிற்றின் முனையில் ஒரு குண்டைக் கட்டி, செங்குத்து வட்டத்தில் முழுச் சுற்றும் வரவைக்க, அடியில் அதற்கு வினாடிக்கு 7 மீட்டர் வேகம் வேண்டும். அதே குண்டை எடை குறைந்த கம்பியின் முனையில் பொருத்தினால் 6.26 மீட்டரே போதும், ஏனெனில் உச்சியில் வேகம் ஏறக்குறைய சுழியமானாலும் கம்பி அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் குறைந்த வேகத்தில் கம்பியில் நடப்பதைக் கவனிப்பது சுவையானது. அடியில் அது குண்டின் எடையைப் போல ஐந்து மடங்கு விசையுடன் இழுக்கிறது. மேலே ஏற ஏற இழுப்பு குறைந்து, உச்சிக்கு சுமார் 48 பாகை இருக்கும்போது முற்றிலும் நின்றுபோய், அங்கிருந்து கம்பி குண்டை வெளிநோக்கித் தள்ளத் தொடங்குகிறது. கயிறாக இருந்திருந்தால் அந்த இடத்தில் தொய்ந்து, குண்டு வட்டத்தை விட்டு விலகிப் பரவளையத்தில் விழுந்திருக்கும்.

இது தேர்வுத்தாளுக்கான நுணுக்கம் மட்டும்தானே என்று கருதுவோருக்கு ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினை நினைவூட்டுவேன். அவருடைய தொடக்ககால எஞ்சின்களில் பிஸ்டன் கீழ்நோக்கி இழுக்கும்போது மட்டுமே வேலை நடந்ததால், பிஸ்டன் தண்டை மேலிருந்த உத்தரத்துடன் ஒரு சங்கிலியால் இணைத்தாலே போதுமானதாக இருந்தது. பின்னர் நீராவியைப் பிஸ்டனின் இருபுறமும் மாற்றி மாற்றிச் செலுத்தும் முறையை அவர் கொண்டுவந்தபோது, பிஸ்டன் மேல்நோக்கித் தள்ளவும் வேண்டியதாயிற்று. சங்கிலி அங்கே பயனற்றுப் போனது. உத்தரத்தின் முனையோ வட்டவில்லில் ஆடுகிறது, பிஸ்டன் தண்டோ நேர்கோட்டில்தான் போயாக வேண்டும். இவ்விரண்டையும் கம்பிகளாலேயே இணைத்து வாட் 1784-இல் உருவாக்கிய இணை இயக்க அமைப்பைத் தம் கண்டுபிடிப்புகளில் மிகவும் பெருமைக்குரியதாக அவர் கருதினார். அதிலும் கிடைத்தது ஏறத்தாழ நேர்கோடுதான். வட்டத்தில் சுற்றும் கம்பிகளைக் கொண்டு துல்லியமான நேர்கோட்டை வரையும் இணைப்பை பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் போசெலியே 1864-இல் வெளியிடும் வரை, அதற்கு மேலும் 80 ஆண்டுகள் ஆயின.

சென்னையில் இவற்றையெல்லாம் கண்ணால் காணலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் நீராவி எஞ்சின்களின் பக்கவாட்டில், சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் நீண்ட தண்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தத் தண்டின் ஒவ்வொரு புள்ளியும், வண்டியிலிருந்து பார்த்தால், ஒரே ஆரமுள்ள வட்டத்தில் போகிறது. ஆயினும் தண்டு சுழல்வதே இல்லை, எப்போதும் தண்டவாளத்துக்கு இணையாகவே இருக்கிறது. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தில் ஏறியவர்களின் நிலையும் இதுவே. தொட்டில் தொங்கிக்கொண்டிருப்பதால் நாம் தலைகீழாவதில்லை. நம் தலை ஒரு வட்டத்திலும், கால் அதே அளவுள்ள, ஆனால் மையம் சற்றுக் கீழே தள்ளிய இன்னொரு வட்டத்திலும் செல்கின்றன. ஆரம் 10 மீட்டர், ஒரு சுற்றுக்கு 15 வினாடி என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் தராசின் மீது உட்கார்ந்திருந்தால் உச்சியில் அது சுமார் 49 கிலோவும் அடியில் சுமார் 71 கிலோவும் காட்டும். மேலிருந்து இறங்கும்போது வயிற்றைக் கலக்குவது இந்த மாற்றம்தான்.

வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. வெட்டித் திறந்த பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை மேசைமேல் வைத்து, பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று, அதாவது 90 பாகை, திரும்பியதும் பிஸ்டன் எங்கே இருக்கும் என்று கேட்பேன். நடுவில் என்பதே அனைவரின் பதிலும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம், 50 மி.மீ., பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு 100 மி.மீ. என்றால் பிஸ்டன் உச்சியிலிருந்து 25 மி.மீ. அல்ல, ஏறக்குறைய 28 மி.மீ. இறங்கியிருக்கும். ராடு அந்த நிலையில் சாய்ந்து நிற்பதால், செங்குத்தாக அது எட்டும் தூரம் 96.8 மி.மீ. ஆகக் குறைந்து, அந்த 3.2 மி.மீ. குறையை ஈடுசெய்யப் பிஸ்டன் கூடுதலாக இறங்குகிறது. கிராங்க் சீராகச் சுற்றினாலும் பிஸ்டனின் மேல்பாதிப் பயணமும் கீழ்பாதிப் பயணமும் ஒத்திருப்பதில்லை என்பதை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகே மாணவர்கள் நம்புவார்கள். இதே எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 1,250 மடங்கும், அடியில் ஏறத்தாழ 750 மடங்கும் ஆகிறது.

சாய்ந்த ராடு பிஸ்டனைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அதைத் தாங்கி நேர்கோட்டில் வைத்திருப்பது சிலிண்டர் சுவர்; அதுவும் ஒரு கட்டுப்பாட்டு விசையே. சூத்திரம் எதையும் படிக்காத புதுப்பேட்டை மெக்கானிக், போர் (சிலிண்டரின் உள்துளை) வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுகிறார். வீட்டில் மிதி தையல் மிஷின் வைத்திருப்பவர்களும் அறிவார்கள்: மிதிபலகையோடு இணைந்த தண்டும் கிராங்கும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையாது, கையால் ஒரு தள்ளு தள்ளியாக வேண்டும்.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். அந்தப் படத்தை மாணவர்கள் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைக்க வாய்ப்புண்டு. அடுத்த வாரம் அதைத் திருத்தி வெளியிடும்போது, உச்சியிலுள்ள வாளிக்கு வெளிநோக்கி வரைந்திருக்கும் அம்பை நீக்கிவிட்டு, எடைக்கு ஒன்றும் கயிற்றின் இழுவிசைக்கு ஒன்றுமாக இரண்டு அம்புகளையும் கீழ்நோக்கி வரையுங்கள். பக்கத்தில் இடம் இருந்தால், கயிற்றுக்குப் பதிலாகக் கம்பி பொருத்திய இரண்டாவது வாளி ஒன்றையும் வரைந்து, அதன் அம்பு எந்தப் பக்கம் என்பதை மாணவர்களிடமே கேட்கலாம். வேகத்தை மட்டும் குறிப்பிட மறந்துவிட வேண்டாம். அது தெரியாமல் அவர்களால் பதில் சொல்ல முடியாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
வில்லிவாக்கம், சென்னை.