வார்சாவிலிருந்து செல்வாவுக்கு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. முழங்கால் இப்போது எப்படி? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இரு, நூலகத்தில் ஏணி ஏறி இறங்கியே தேய்ந்த கால் அது. மலருக்கு வேலை கிடைத்தது கேட்டு சுமதிக்கு அவ்வளவு சந்தோஷம், அன்றைக்கே கேசரி கிண்டிவிட்டாள். இங்கே குளிர் வந்துவிட்டது, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, சாயங்காலங்களில் பழைய காகிதங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னுடையவை அல்ல, எதிர் வீட்டு அம்மாவுடையவை.

அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, என் போலிஷ் மொழியில் பிழை கண்டுபிடிக்காமல் ஒரு நாளும் விடமாட்டார். அவருடைய தாயார் யூதர். இரண்டாம் உலகப் போரின்போது இதே வார்சாவில் வேறு பெயரில் ஒளிந்திருந்து பிழைத்தவர், பிழைத்த பிறகும் அதைப் பற்றி வாயே திறக்காதவர். அவர் விட்டுப்போன தகர டப்பா ஒன்றை இங்குள்ள யூத வரலாற்று நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மகள் நினைக்கிறார். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தரச் சொல்லி என்னிடம் வந்தார். கம்ப்யூட்டர்காரனிடம் வேறு எதற்கு வருவார்கள்?

டப்பாவில் ஒரு கென்கார்ட்டே இருக்கிறது. ஜெர்மானியர்கள் பிடித்துவைத்திருந்த போலந்தில் கையில் வைத்தே ஆகவேண்டிய அடையாள அட்டை அது. காது தெரியும்படி எடுத்த படம், விரல் ரேகை, முத்திரை, எல்லாம் முறைப்படி இருக்கின்றன. பெயர் மட்டும் பொய். பிறந்த தேதியும் பொய், மதமும் பொய். இறந்துபோன ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை வைத்து வாங்கிய அட்டையாம். யோசித்துப் பார், மகள் வாயால் இந்தக் கதையைச் சொல்லாமல் அட்டையை மட்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? யாரோ ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் பெயரில் அது பட்டியலில் ஏறியிருக்கும், இந்தத் தாயார் இருந்ததற்கே தடயம் இருக்காது. காகிதத்தைக் காப்பாற்றுவது பாதி வேலைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்கேன் வேலை முடிவதற்குள் ஒரு நாள் அந்த நிறுவனத்துக்கே போய்வந்தோம். பக்கத்தில் இருந்த பெரிய யூதக் கோயிலை 1943 மே 16 அன்று ஜெர்மானியர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தத் தீ இந்தக் கட்டடத்துக்குள்ளும் வந்தது. கூடத்துத் தரையில் கருகிய தடத்தை இன்றும் அப்படியே விட்டிருக்கிறார்கள், அதன் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். கோயில் இருந்த இடத்தில் இப்போது நீலக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. சகிக்கவில்லை.

உள்ளே ஒரு பால் கேன். அதன் கதையை நீ கட்டாயம் கேட்க வேண்டும், நூலகத்துக்காரன் நீ. கெட்டோ என்றால் யூதர்களை அடைத்துவைத்த பகுதி, வார்சா கெட்டோவுக்குள் நாலு லட்சம் பேருக்கு மேல் அடைத்திருந்த காலம். எம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் 1940 நவம்பரில் ஆட்களைச் சேர்த்து ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் கூடியதால் ஒனெக் ஷபாத் என்று பெயர், ஓய்வு நாளின் மகிழ்ச்சி என்று அர்த்தம். டைரிகள், அகதிகளிடம் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள், பள்ளிக்கூடத்துக் கட்டுரைகள், அதெல்லாம் சரி. ஆனால் இவர்கள் மிட்டாய்க் காகிதத்தையும் சேர்த்தார்கள்! டிராம் டிக்கெட், ரேஷன் அட்டை, கச்சேரி அழைப்பிதழ், உணவகத்து விலைப்பட்டியல், ஒரே வீட்டில் ஏகப்பட்ட குடும்பங்கள் இருந்ததால் யாருக்கு எத்தனை தடவை மணி அடிக்க வேண்டும் என்று எழுதி வாசலில் ஒட்டிய சீட்டு வரைக்கும். தெருவில் பிணம் கிடக்கும்போது மிட்டாய்க் காகிதத்தைப் பொறுக்கி வைக்கத் தோன்றியிருக்கிறதே, அந்த மனசை என்ன சொல்ல!

ஹெல்ம்னோ கொலை முகாமிலிருந்து 1942 ஜனவரியில் தப்பி வந்த ஒருவரை அந்தக் குழுவைச் சேர்ந்த ஹெர்ஷ் வாசரும் அவர் மனைவி ப்ளூமாவும் உட்காரவைத்து, அவர் சொன்னதை எழுதி எடுத்தார்கள். விஷவாயு லாரிகளைப் பற்றிய சாட்சியம் அது. அதை வைத்து எழுதிய அறிக்கை தலைமறைவு இயக்கம் வழியாக லண்டன் வரை போனது. எழுதி எடுத்தவர்கள் அப்போது கெட்டோவுக்குள்ளேயேதான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதே.

1942 ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியதும், ஆகஸ்டு ஆரம்பத்தில் நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக்கூடத்துக்குக் கீழே பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். புதைத்தவர்கள் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் இரண்டு இளைஞர்களும். அந்த இளைஞர்களில் ஒருவனான டேவிட் கிராபருக்கு அப்போது 19 வயது. உலகத்தைப் பார்த்துக் கதற முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதி அதையும் பெட்டிக்குள் வைத்தான். லிக்டென்ஸ்டைன் தனக்கென்று நன்றியோ புகழோ வேண்டாம் என்றார். தன் மனைவி, ஓவியர் கேலா செக்ஸ்டாய்னை நினைவில் வைத்திருக்கச் சொன்னார். தன் மகள் மார்கலித்துக்கு இன்றோடு 20 மாதம் என்றும் எழுதினார். கேலாவின் ஓவியங்களும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் போயின. குழந்தைகளின் முகங்கள் நிறைய. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன், ஈரம் ஏறிய விளிம்புகளோடு இருக்கின்றன. லிக்டென்ஸ்டைன், கேலா, மார்கலித் மூன்று பேருமே மிஞ்சவில்லை.

1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களில் இன்னொரு பகுதி அதே இடத்தில் புதைக்கப்பட்டது. ஏப்ரலில் மூன்றாவது பகுதி, வேறு தெருவில். ரிங்கல்ப்ளூம் பிறகு கெட்டோவுக்கு வெளியே ஒரு நிலவறையில் மனைவி, மகனோடு ஒளிந்திருந்தார். 1944 மார்ச்சில் காட்டிக்கொடுக்கப்பட்டு மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழுவில் அறுபது பேர் வரை இருந்தார்கள், போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூவர்: வாசர் தம்பதி, ராகேல் ஆவர்பாக். ஊரே செங்கல் குவியலாகக் கிடந்தது, தெருவே இல்லை. வாசருக்கு இடம் தெரிந்திருந்தது, ஆவர்பாக் பார்த்தவர்களிடம் எல்லாம் தோண்டுங்கள் தோண்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1946 செப்டம்பரில் பெட்டிகள் வெளியே வந்தன. மூடிகளைப் பற்றவைக்க நேரமில்லாமல் புதைத்ததால் உள்ளே தண்ணீர் புகுந்து, காகிதம் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. பால் கேன்களைக் கட்டடத் தொழிலாளர்கள்தான் 1950 டிசம்பரில் தோண்டும்போது கண்டெடுத்தார்கள். கேனுக்குள் இருந்தவை பரவாயில்லை. மொத்தம் 35,000 பக்கம். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. வாசரும் போயிருந்தால் முதல் பகுதிக்கும் அதே கதிதானே?

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எண்பது வயதில் ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்டிருந்தாய். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும், பிழைத்தவர்களின் சாட்சியங்கள் அடங்கிய வீடியோத் தொகுப்பு, 1979இல் தொடங்கியது, அதில் ஒரு பெண்மணியின் சாட்சியம் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் 1944 அக்டோபரில் கைதிகள் கலகம் செய்தபோது நாலு புகைபோக்கி வெடித்ததாக அவர் சொன்னார். வரலாற்றாசிரியர்கள், நாலில்லை, ஒன்றுதான், ஆகவே இவர் சாட்சியை நம்ப முடியாது என்றார்கள். பேட்டி எடுத்த டோரி லாப் ஒரு மனநல மருத்துவர், சிறுவயதில் முகாமிலிருந்து பிழைத்தவர். அவர் சொன்னது வேறு: அங்கே எதிர்த்து நிற்க முடியும் என்பதே நம்ப முடியாதது, அது நடந்ததைத்தான் இவர் சொல்கிறார் என்று. எனக்கு இரண்டு கட்சியும் சரியாகத்தான் படுகிறது. எண்ணிக்கையை வேறு ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தப்பு என்று டேப்பிலிருந்து வெட்டக் கூடாது, பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதும். கென்கார்ட்டேக்குச் செய்ய வேண்டியதும் அதுதான்.

குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. டேவிட் போடர் என்ற உளவியலாளர் 1946இல் சிகாகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், முடி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியில் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு அகதி முகாம் முகாமாக அலைந்து, சுமார் 130 பேர் பேசியதைப் பதிவு செய்தார். பிரான்ஸில் ஏனன்வில் என்ற ஊரில் அவர்கள் பாடிய பாட்டுகள் இருந்த சுருள் மட்டும் பல வருஷம் காணோம். கடைசியில் அமெரிக்காவில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் இருந்தது, டப்பா மேல் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதைக் கேட்பதற்குக்கூடப் பழைய கருவியைச் சரிபண்ண வேண்டியிருந்தது. பிழைத்தவர்களின் சாட்சியங்களைச் சேர்க்கும் ஷோவா அறக்கட்டளைக்காரர்களும் 1994 முதல் சுமார் 52,000 பேரைப் பதிவு செய்திருக்கிறார்கள். மொத்தம் 1 லட்சம் மணி நேரத்துக்கு மேல், ராப்பகலாகப் பார்த்தாலும் 11 வருஷம் ஆகும். நிமிஷம் நிமிஷமாகப் பிரித்து, ஊர், பேர், விஷயம் என்று அட்டவணை போட்டதால்தான் அதில் யாராவது எதையாவது தேட முடிகிறது. அட்டவணை போட்டவர்கள் பேர் எங்கும் வராது, உனக்கு இது புதிதில்லை.

எதிர் வீட்டு டப்பாவில் ஒரு ஆல்பமும் உண்டு, எழுபதுகளில் வந்த ஒட்டும் தாள் ஆல்பம். போருக்கு முந்தைய படங்களை அதில் ஒட்டியிருக்கிறார்கள். பிய்க்கப் போனேன், நிறுவனத்துப் பெண் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். பக்கத்தோடு அப்படியே படம் எடு, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதும் செய்திதான் என்றார். பேனா கூடாது, செலோடேப் கூடாது, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எண் மட்டும் போடு என்றார். நம் ஊரில் எதைக் கண்டாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன், சிரிக்கவே இல்லை. படங்களில் பாதிப் பேர் யார் என்று மகளுக்குத் தெரியவில்லை. ஒன்றின் பின்னால் இங்கத்து யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஒரு வரி இருக்கிறது, அதை அங்கே படித்துச் சொல்வார்கள். இன்னொன்றில் ஸ்டுடியோ முத்திரை மட்டும். தெரிந்தவரை ஒவ்வொரு படத்தையும் காட்டி அவரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்கிறேன், தெரியாது என்று அவர் சொல்வதையும் சேர்த்துத்தான்.

இப்போது ஒரு சிக்கல். எல்லாவற்றையும் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், தாயார் சிறுமியாகத் தன் தம்பியோடு நிற்கும் ஒரே ஒரு படத்தை மட்டும் தரமாட்டேன் என்கிறார். நகல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், அசல் என் தலைமாட்டில்தான் இருக்கும் என்கிறார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்கு வற்புறுத்தவும் மனசில்லை, விடவும் மனசில்லை. இத்தனை வருஷம் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தவன் நீ, என்ன சொல்வாய்? அடுத்த மாதம்தான் ஒப்படைக்கிறோம், அதற்குள் எழுது. வாட்ஸப்பில் குரல் அனுப்பினாலும் சரிதான்.

அன்புடன்,
முரளி