மெட்டா கோப்புகளை மீட்டுத் தந்த அனைவருக்கும் நன்றி

வணக்கம்.

கணினியில் நாங்கள் உருவாக்கிவரும் பல்லாங்குழி விளையாட்டு, நடுவில் உடைந்துபோய், மறுபடி ஓடுகிறது. மெயின் பிராஞ்ச் (எல்லோருடைய வேலையும் வந்து சேரும் முதன்மைக் கிளை) சரியாகிவிட்டது. இடையில் யாரும் செய்த வேலை வீணாகவும் இல்லை. இதற்காகத் தூக்கம் விழித்தவர்களுக்குத் தனித்தனியாகப் போனில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் செய்தது என்னவென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், அசெட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் துணையாக ஒரு மெட்டா கோப்பு உருவாகும். அதற்குள் 32 எழுத்துகளில் ஜியூஐடி என்ற அடையாள எண் இருக்கும். சீனும் (விளையாட்டின் ஒரு காட்சி) பிரீஃபேபும் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளின் அச்சு) ஒரு படத்தையோ ஸ்கிரிப்டையோ (நிரல்) தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான், கோப்பின் பெயரை வைத்து அல்ல. குழுவாகச் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் கருவி கிட்; அதில் பதியும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட், அவையெல்லாம் இருக்கும் இடம் ரெப்போ. ரெப்போவைச் சுத்தம் செய்வதற்காக வந்த ஒரு கமிட், மெட்டா கோப்புகளையெல்லாம் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) சேர்த்து, கிட்டின் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. கமிட் போட்டவரின் கணினியில் கோப்புகள் அப்படியே இருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்த மாற்றத்தைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்ட (புல் செய்த) மற்றவர்களுக்கு அவை அழிந்துபோயின. அப்புறம் யூனிட்டியைத் திறந்ததும், அது ஆளாளுக்கு வேறு வேறு புது எண்களைப் போட்டுக்கொண்டது. பலகையின் 14 குழிகளும் பளீரென்ற மெஜந்தா நிறத்தில் நின்றன. சோழிகளைக் காணோம். ஒரு பொருளின் விவரங்களைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘மிஸ்ஸிங்’.

முதல் நன்றி, அன்றிரவு குழுவில் முதலில் பேசிய அக்காவுக்கு. “யாரும் புஷ் பண்ணாதீங்க, எதையும் அழிக்காதீங்க. அவங்கவங்க ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைங்க” என்றார். (புஷ் என்றால் தன் மாற்றங்களைப் பொது ரெப்போவுக்கு அனுப்புவது.) அந்த நேரத்தில் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. அவரவருக்குத் தெரிந்த வழியில் சரிசெய்யக் கிளம்பியிருந்தால், பின்னால் மீட்பதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

அடுத்து, எங்கள் விளையாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் உதவிக்கு வந்த அண்ணா. பழைய கமிட்டுக்கே திரும்பிப் போய் (ரிசெட்), பொது ரெப்போவின் வரலாற்றையும் கட்டாயமாக அப்படியே மாற்றிவிடலாம் (ஃபோர்ஸ் புஷ்) என்று எங்களில் சிலர் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பலர் ஏற்கெனவே புல் செய்துவிட்டார்கள், வரலாற்றை மாற்றி எழுதினால் யாராவது ஒருவரின் அடுத்த மெர்ஜில் (இரண்டு கிளைகளை இணைக்கும்போது) அதே கமிட் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தக் கமிட்டை மெயினுக்குக் கொண்டுவந்த மெர்ஜ் கமிட்டை மொத்தமாக ரிவர்ட் செய்வதையும் (அதற்கு நேர் எதிரான மாற்றத்தைப் புது கமிட்டாகப் போடுவதையும்) தடுத்தார். அதே பிராஞ்சில் ஒலி அமைப்பு வேலையும் இருந்தது. மெர்ஜை ரிவர்ட் செய்தால் அதுவும் போய்விடும், பிறகு அந்த பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தாலும் அது திரும்பாது, ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்றே கிட் நினைக்கும். இதைப் பற்றி, கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2008இல் எழுதிய விளக்கம் கிட் ஆவணங்களிலேயே இருக்கிறது. அதையும் எங்களைப் படிக்க வைத்தார். கடைசியில் கிட் லாகில் (கமிட்டுகளின் பட்டியல்), கோப்பு நீக்கியவற்றை மட்டும் காட்டும் டிஃப்-ஃபில்டர் போட்டு, மெட்டா கோப்புகளை நீக்கிய கமிட்டை மட்டும் பிடித்தார். புதிதாக ஒரு குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுத்து, தனி பிராஞ்சில் அந்த ஒன்றை மட்டும் ரிவர்ட் செய்தோம். பழைய எண்கள் எல்லாம் திரும்பி வந்தன.

அதோடு முடியவில்லை. எங்கள் லெவல் டிசைனர் நடந்தது தெரியாமல், அறுந்த இணைப்புகளையெல்லாம் கையால் ஒட்டி, புதிய சீன்களை உருவாக்கிக் கமிட் செய்திருந்தார். அவற்றில் இருந்தவை அவர் கணினியில் மட்டும் இருந்த புது எண்கள். ரிவர்ட் செய்ததும் அவர் உழைப்பு முழுவதும் அந்தரத்தில் தொங்கியது. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இதைக் கையில் எடுத்தார். அக்கா சொன்னபடி அந்த ஃபோல்டரின் காப்பி இருந்ததால், ஒரே பாதையில் உள்ள இரண்டு மெட்டா கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புது எண்ணுக்கு எந்தப் பழைய எண் என்று ஒரு பைதான் ஸ்கிரிப்டில் பட்டியல் எடுத்தார். சீன்களை டெக்ஸ்ட் வடிவில் சேமிக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சீன், பிரீஃபேப் கோப்புகளில் அந்த எண்களை மாற்றி வைத்தார். ஓடவிட்டுத் திறந்தபோது பலகையின் மர நிறம் திரும்பி வந்ததைப் பார்த்த லெவல் டிசைனரால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. தம்பி, நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தது எவ்வளவு பெரிய உழைப்பு என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்களுக்குத் தெரியும்.

சோழிப் படங்கள் மட்டும் ஸ்கிரிப்டுக்கு அகப்படவில்லை. ஒரே ஷீட்டிலிருந்து வெட்டி எடுத்த ஸ்ப்ரைட்டுகள் (சிறு படங்கள்) அவை. வெட்டிய துண்டுகளின் அடையாளமும் மெட்டாவுக்குள்தான் இருக்கிறது, ஜியூஐடியை மட்டும் மாற்றினால் போதாது. ஓவியம் வரைந்த தோழி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இணைத்துக் கொடுத்தார்.

அந்தக் கமிட்டைப் போட்டவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த நிமிடம் முதல் முடியும்வரை அவர் எங்களோடு இருந்தார். எதுவும் உடையாத பிரதி அவர் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதை ஓடவிட்டுத் திரையைப் பகிர்ந்து, மீட்டதோடு ஒவ்வொரு காட்சியாக ஒப்பிட உதவினார். இரண்டு பொத்தான்களில் இணைப்பு விட்டுப்போனதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

யூனிட்டி தானே உருவாக்கிக்கொள்ளும் லைப்ரரி ஃபோல்டரை அழித்து, மொத்தத்தையும் மறுபடி இம்போர்ட் செய்து சோதித்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய லேப்டாப்பில் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அசெட்ஸில் உள்ள மெட்டா கோப்புகளை ஒருபோதும் ஒதுக்காதே என்று கிட்இக்னோரில் ஒரு வரி எழுதி வைக்கலாம். இப்போது எங்கள் ரெப்போவில் அதைச் சேர்த்துவிட்டோம்.

விளையாட்டின் கிரெடிட்ஸ் திரையில் உங்கள் பெயர்களைப் போட விரும்புகிறோம். இனிஷியலோடு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்று சொன்ன அண்ணாவும் தயவுசெய்து இன்னொரு தடவை யோசியுங்கள்.

அன்புடன்,
பல்லாங்குழி விளையாட்டுக் குழுவின் சார்பில்