இடம் மாறிய புள்ளியைக் காட்டிக்கொடுக்கும் வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைப் பேத்திக்காகக் கத்தரித்து வைப்பவன் நான். 30 ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவன். சென்ற வாரம் பத்தாம் வகுப்புக்கு எதிர் மாறுபாட்டு வரைபடம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள்: எக்ஸையும் ஒய்யையும் பெருக்கினால் 24. அட்டவணையும் அளவுத்திட்டமும் தெளிவாகவே இருந்தன. ஆனால், புள்ளி குறிக்கப் பழகும் பிள்ளைக்கு முதல் உதாரணமாக இந்தக் கணக்கைத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(2, 12) என்ற புள்ளிக்கு வலப்புறம் 2 கட்டம் போய் 12 கட்டம் மேலே ஏற வேண்டும். இதை ஒரு பிள்ளை மாற்றிப் போட்டு, வலப்புறம் 12 கட்டம் போய் 2 கட்டம் மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த (12, 2)-ம் அதே வளைகோட்டில்தான் இருக்கிறது! (3, 8) மாறினால் (8, 3), (4, 6) மாறினால் (6, 4). அத்தனை புள்ளிகளையும் மாற்றி வைத்தாலும் கோடு அப்படியே வந்துவிடும். தப்பு நடந்தது பிள்ளைக்கும் தெரியாது, திருத்துகிறவர் கண்ணிலும் படாது. எட்டு மதிப்பெண் கிடைத்துவிடும், பழக்கம் மட்டும் தப்பாகவே படிந்துபோகும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி எக்ஸ் வர்க்கத்துக்கு வரைபடம் போட்டாள். அட்டவணையில் ஒரு பிழையும் இல்லை. தாளில் பார்த்தால், கிண்ணம்போல் நிமிர்ந்திருக்க வேண்டிய பரவளையம் வலப்பக்கம் வாய் திறந்து சாய்ந்து கிடந்தது. "மிஸ் போட்டது நிமிந்து நின்னுச்சு தாத்தா, எனக்கு ஏன் படுத்துக்குச்சு?" என்றாள். அழிக்கச் சொல்லாமல், (−3, 9)-க்கு விரல் வைத்து நடந்து காட்டச் சொன்னேன். இரண்டு அச்சுகளும் வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளியிலிருந்து மூன்று கட்டம் கீழே இறங்கி, ஒன்பது கட்டம் வலப்புறம் போனாள். அதற்கு முந்தைய நாள்தான், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் அணிகள் பாடம் படித்திருக்கிறாள். அங்கே ஓர் எண்ணின் இடத்தைச் சொல்ல முதலில் நிரை (கிடைவரிசை), பிறகு நிரல் (செங்குத்து வரிசை). முதல் எண்ணுக்கு மேலிருந்து கீழே எண்ணி வர வேண்டும். அதே இயற்கணிதப் பாடத்தில் இரண்டும் வருகின்றன, இரண்டுக்கும் வரிசை வேறு. அவள் குழம்பியதில் வியப்பில்லை.

'முதல் எண் பக்கவாட்டுக்கு, இரண்டாவது எண் மேலே கீழே' என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டு வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு இடத்தில் வேறு ஏற்பாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலப்படத்தில் சென்னையின் இடம் 13.08, 80.27, அதாவது வடக்கு அட்சரேகை முதலில், கிழக்குத் தீர்க்கரேகை பிறகு. இரண்டையும் இடம் மாற்றினால் சென்னை ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே. பேத்தியிடம் கைப்பேசியில் இதைத் தேடிக் காட்டினேன். அதன்பிறகு அவள் ஒரு புள்ளியைக்கூட மாற்றி வைக்கவில்லை.

எனவே அடுத்த இதழில், புள்ளி மாறினால் கோடு சாய்ந்து காட்டிக்கொடுக்கிற, எக்ஸ் வர்க்கம் போன்ற இருபடி வரைபடம் ஒன்றை வெளியிடுங்கள். முதல் புள்ளிக்காவது ஆதியிலிருந்து பக்கவாட்டில் ஓர் அம்பு, அங்கிருந்து மேலே ஓர் அம்பு என்று வழி வரைந்து காட்டுங்கள். 24 கணக்கை அதற்குப் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல்