பல் செட்டும் மூக்குக்கண்ணாடியும்: அனைரின் பெவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெவன்,

உங்களை ‘நை’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்களாம். எனக்கு அவ்வளவு உரிமை இல்லை, பெவன் என்றே எழுதுகிறேன்.

பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையை (NHS) தொடங்கி வைத்த நீங்கள், 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொரியப் போர் நேரம். ஆயுதச் செலவு ஏறிக்கொண்டே போக, அந்தச் சேவையில் இலவசமாகக் கிடைத்த பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியே கொடுக்கட்டும் என்று நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பட்ஜெட்டில் சொல்லிவிட்டார். போயும் போயும் பல் செட்டுக்காகவா ராஜினாமா என்று நானும் முதலில் நினைத்தேன் (கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நினைத்தேன்).

அப்புறம் வேல்ஸில் இருக்கும் உங்கள் ஊர் ட்ரெடீகரைப் பற்றிப் படித்தேன். பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய பையன், அதிலும் திக்குவாய். ஒரு சொல் தொண்டையில் சிக்கினால் அதே பொருளில் வேறொன்றைப் பிடித்துத் தப்பிக்க, தொழிலாளர் நூலகத்தில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சேர்த்தீர்கள். 1929இல் எப்பு வேல் தொகுதி உங்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய பிறகு, போர்க்காலத்தில் சர்ச்சிலையே வாங்கு வாங்கென்று வாங்கிய பேச்சு அங்கே விளைந்ததுதான். 1925இல் உங்கள் அப்பா, நிலக்கரித் தூசி அரித்த நுரையீரலோடு உங்கள் கையிலேயே போய்ச்சேர்ந்தார். அந்த நோய் அப்போது தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை, அதனால் நஷ்டஈடு என்று ஒரு காசு வரவில்லை.

அதே ஊரில்தான் மருத்துவ உதவிச் சங்கமும் இருந்தது. தொழிலாளிகள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்து, டாக்டர்களைத் தாங்களே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் வந்த அன்றைக்குப் பையைத் தடவ வேண்டியதில்லை. 1948 ஜூலை 5 அன்று இலவச மருத்துவச் சேவை என்று தேசம் முழுக்க நீங்கள் விரித்தது அந்தப் பாயைத்தான். அதில் ஒரு மூலையைக் கிழித்தால் கோபம் வராதா?

சரி, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. சேவை தொடங்குவதற்கு முந்தின நாள் மான்செஸ்டர் மேடையில் டோரிகளை, அதாவது சர்ச்சிலின் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்களை, பூச்சிபுழுவை விடக் கேவலம் என்றீர்களே, தேவையா? அது கூடப் போகட்டும். மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்க 1949இலேயே சட்டத்தில் இடம் கொடுத்தது, நீங்கள் சுகாதார அமைச்சராக இருந்தபோதுதானே? மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டீர்கள், தெரியும். ஆனால் 1952இல் சர்ச்சில் அரசு அந்தக் கதவு வழியாக வந்துதான் கட்டணத்தை வசூலிக்க ஆரம்பித்தது.

2007இல் வேல்ஸ் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்னும் வாங்குகிறார்கள். பல் செட்டுக்கு ட்ரெடீகரிலும் காசுதான்.

இப்படிக்கு,
கண்ணாடி போட்ட ஒரு வாசகன்